ஐரிஷ் சோடா பிரெட்: நாலு பொருள்தான், அதற்கு மேல் எதற்கு?

லீ_நதிக்கரை (கார்க், அயர்லாந்து)

மார்ச் 17 நெருங்கிவிட்டது. புனித பேட்ரிக் நாள் என்றால் இணையம் முழுக்க 'பாரம்பரிய ஐரிஷ் சோடா பிரெட்' குறிப்புகள் கொட்டும். திறந்து பார்த்தால் இரண்டு முட்டை, அரை கப் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய், திராட்சை. அது கேக். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கார்க் பக்கம் வீடுகளில் தினசரி ரொட்டி என்று சுட்டது அது இல்லை.

இங்கே சாதாரணமாகச் செய்வது இவ்வளவுதான்: பிளெய்ன் மாவு 450 கிராம் (நம் ஊர் மைதா), உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், புளித்த மோர் 350 முதல் 400 மி.லி. ஷனகாரியில் இருக்கும் பாலிமலூ சமையல் பள்ளியில் கற்றுத் தரும் அளவும் ஏறக்குறைய இதுதான்.

ஓவனை முதலில் 230 டிகிரிக்குச் சூடாக்கிவிடுங்கள். மாவைக் கலந்த பிறகு ஓவனைப் போடுவது இதற்குச் சரிவராது. மாவு, உப்பு, சோடா மூன்றையும் சல்லடையில் சலித்து அகலமான பாத்திரத்தில் கொட்டுங்கள். நடுவில் குழி பண்ணி, மோரில் பெரும்பகுதியை ஒரே தடவையாக ஊற்றுங்கள். விரல்களை விறைப்பாக விரித்து வைத்துக்கொண்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகச் சுற்றிக் கலக்க வேண்டும். அரை நிமிடத்தில் ஒன்று சேர்ந்துவிடும். பதம், வடை மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட நல்ல தளர்வு. மாவு தூவிய பலகையில் கொட்டி, லேசாக உருட்டி, 4 செ.மீ. உயரத்துக்குத் தட்டி, கத்தியால் விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஆழமாக ஒரு சிலுவை கீறி உள்ளே தள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து 200க்கு இறக்கி இன்னும் அரைமணி. அடிப்பக்கத்தை விரலால் தட்டினால் வெற்று டப்பா மாதிரி சத்தம் வர வேண்டும்.

நம் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பிசையாதீர்கள். நம் கைக்கு மாவைக் கண்டாலே பிசையத் தோன்றும். இங்கே அந்தப் பழக்கத்தை அடக்கினால் பாதி வேலை முடிந்தது.

---

அண்ணாநகர்_அடுப்பு (சென்னை)

அருமை அண்ணா. சில சந்தேகம். மோர் என்றால் நாம் வீட்டில் தயிர் கடைந்து எடுப்பதா? அதுதான் என்றால் எங்கள் வீட்டில் தினமும் இருக்கிறது. அப்புறம் ஓவனே இல்லாதவர்கள் என்ன செய்வது? என்னிடம் சின்ன ஓடிஜி (மேசை ஓவன்) இருக்கிறது, அம்மாவிடம் அதுவும் இல்லை.

---

லகான்_தம்பி (பெல்ஃபாஸ்ட்)

வணக்கம். வடக்கிலிருந்து ஒரு மறுப்பு. நான் இங்கு வந்து பல வருடம், யாழ்ப்பாணத்து நாக்கோடுதான் வந்தேன், இப்போது காலையில் சோடா பாண் (ரொட்டி) இல்லாமல் தேத்தண்ணீர் இறங்காது.

தெற்கில் நீங்கள் அவணில் வைத்து எடுக்கும் வட்டப் பாணை மட்டும் 'பாரம்பரியம்' என்று எழுதினால் எப்படி? எங்கள் வடக்கில், அல்ஸ்டரில், சோடா என்றால் ஃபார்ல்தான். வட்டமாகத் தட்டி நாலாக வெட்டி, அடுப்பின் மேல் வறண்ட இரும்புக் கல்லில் சுடுவது. அவண் தேவையே இல்லை. அண்ணாநகர் தங்கச்சிக்கு விடை அதில்தான் இருக்கிறது.

ஒரு கல்லுக்கு அளவு: மா 250 கிராம், உப்பும் சோடாவும் அரை அரைத் தேக்கரண்டி, மோர் 200 மி.லி. சுமார். ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் தடிப்பு. கல்லில் எண்ணெய் தடவக் கூடாது. சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவுங்கள். அது உடனே கருகினால் சூடு அதிகம், மெல்ல மெல்லப் பழுப்பானால் சரி. ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், மற்றப் பக்கமும் அப்படியே. கடைசியில் நாலு துண்டையும் வெட்டிய ஓரம் கல்லில் படும்படி நிமிர்த்தி வைத்துக் காய விட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு ஓரம் பச்சையாக இருக்கிறது என்கிறார்கள்.

---

லீ_நதிக்கரை

லகான் தம்பி, வடக்கை மறக்கவில்லை, முதல் பதிவே நீண்டுவிட்டது. ஃபார்ல் எனக்கும் பிடிக்கும். குறுக்கே இரண்டாகப் பிளந்து, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) வறுத்த கொழுப்பில் போட்டு எடுத்து, முட்டை, உருளைக்கிழங்கு ரொட்டியோடு உங்கள் ஊர் 'அல்ஸ்டர் ஃப்ரை' சாப்பிட்டால் மதியச் சாப்பாடு வேண்டியிருக்காது.

அண்ணாநகர் தங்கைக்கு: தயிர் கடைந்த மோர் தாராளமாக ஆகும். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, நன்றாகப் புளித்திருக்க வேண்டும். முதல் நாள் மோரை வெளியே வைத்திருந்து எடுப்பது நல்லது. இரண்டு, குடிக்கிற மாதிரி தண்ணீராக இருக்கக் கூடாது. அயர்லாந்து கடைகளில் இப்போது விற்பது பெரும்பாலும் கொழுப்பு எடுத்த பாலில் கிருமி வளர்த்துப் புளிக்க வைத்தது. நம் மோரைவிடக் கெட்டி. ஆகவே புளித்த தயிர் முக்கால் பங்கு, தண்ணீர் கால் பங்கு கலந்து அடித்துக்கொண்டால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பெருங்காயம், கறிவேப்பிலை போட்டது வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன் :)

---

ஹட்சன்_வாசி (நியூ ஜெர்சி)

நீங்கள் 'அது கேக்' என்று ஒதுக்கியதைத்தான் இங்கே மார்ச் மாதம் முழுக்க எல்லா பேக்கரியிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். திராட்சை, கேரவே விதை (சீரகம் மாதிரி ஒன்று), வெண்ணெய், முட்டை. என் அலுவலகத்தில் ஐரிஷ் வம்சாவளி நண்பர் ஒருவர் கொண்டுவருவார். அவர் பாட்டி கைப்பக்குவம் என்கிறார். அவர் பாட்டி பொய்யா?

கப்பலேறி வந்தவர்கள் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் சர்க்கரையும் திராட்சையும் சேர்த்திருப்பார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சமூகம் ஒன்றைச் செய்து சாப்பிட்டால் அதுவும் பாரம்பரியம்தானே? பாரம்பரியம் என்றாலே ஏழ்மை என்று அளவுகோல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

லீ_நதிக்கரை

பாட்டி பொய் சொல்லவில்லை. அமெரிக்க-ஐரிஷ் பாரம்பரியம் என்று பெயர் போட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன். அயர்லாந்துக்குள்ளேயும் திராட்சை போட்டது உண்டு. கார்க் பக்கம் 'ஸ்பாட்டட் டாக்' என்பார்கள், ரயில்வே கேக் என்றும் ஒரு பெயர் உண்டு. ஸ்டேஷனுக்கு ஒரு திராட்சை என்று கேலி, அவ்வளவு தூரம் தள்ளித் தள்ளி இருக்குமாம். அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு முட்டை வரை போவார்கள். ஆனால் அது விசேஷத்துக்கு, அறுவடை ஆட்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு. தினமும் மேசையில் சூப்போடு வைக்கிற ரொட்டியில் அரை கப் சர்க்கரை போட்டால் சூப்பை எதோடு சாப்பிடுவது?

ஏழ்மைதான் அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. எதற்குச் செய்தார்கள் என்பதுதான் என் அளவுகோல்.

---

டப்ளின்_கணக்கு

இந்தச் சண்டைக்கு அயர்லாந்து உச்ச நீதிமன்றமே ஒரு எல்லை போட்டிருக்கிறது, தெரியுமா? தொழில் புத்தி, மன்னிக்கவும்.

இங்கே அத்தியாவசிய உணவு என்று கருதப்படும் ரொட்டிக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) பூஜ்யம். அந்த 'ரொட்டி' எது என்று 1972ஆம் ஆண்டு வாட் சட்டம் வரையறுத்தது. ஈஸ்ட்டோ வேறு உப்ப வைக்கும் பொருளோ எதுவும் இருக்கலாம், ஆகவே சோடாவுக்குத் தடையில்லை. கொழுப்பு, சர்க்கரை ஒவ்வொன்றும் மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உலர்ந்த பழம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020இல் சப்வே என்ற சாண்ட்விச் கடைச் சங்கிலியின் கிளைக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்தச் சாண்ட்விச் ரொட்டியில் மாவின் எடைக்குச் சர்க்கரை 10 சதவீதம் இருப்பதால் சட்டத்தின் கண்ணில் அது ரொட்டியே இல்லை என்று தீர்ப்பு வந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது.

லீ நதிக்கரை கொடுத்த 450 கிராம் மாவுக்குக் கணக்குப் போட்டால்: சர்க்கரை 9 கிராம் வரை, அதாவது இரண்டு டீஸ்பூன். திராட்சை 45 கிராம் வரை, ஒரு கைப்பிடி. ஹட்சன் வாசியின் அரை கப் சர்க்கரை நூறு கிராம் வரும். வரித்துறை ஒத்துக்கொள்ளாது!

---

ஹட்சன்_வாசி

ஹாஹா, சரி. திராட்சைக்கு ஒரு கைப்பிடி அனுமதி கிடைத்ததே, அதுவே வெற்றி. கேரவே பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறதே.

---

பழந்தாள்_பிரியன் (லண்டன்)

கொஞ்சம் பின்னால் போவோம். அயர்லாந்தில் சோடா ரொட்டி ஏதோ ஆதி காலத்து சமாச்சாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கெல்ட் மக்கள், துறவிகள் என்று கதை கட்டுகிறார்கள். ஆப்ப சோடா தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்த ரொட்டியே சாத்தியம். 1830களுக்கு முன்னால் பேச்சே இல்லை. அதற்கு முன்பு சாதாரண வீடுகளில் ஓட்ஸ் மாவைத் தட்டி நெருப்பருகே காயவைத்த அடைகள், பெரும்பாலும் உருளைக்கிழங்கு.

அச்சில் வந்த பழைய குறிப்புகளில் ஒன்று 1836 நவம்பர். நியூரி டெலிகிராஃப் பத்திரிகைக்கு ஒரு வாசகர் எழுதியது, லண்டனில் வெளிவந்த ஃபார்மர்ஸ் மேகசீன் அதை எடுத்துப் போட்டது. அளவுகள் இப்படி: முழுக் கோதுமை மாவு ஒன்றரைப் பவுண்டு (680 கிராம்), பொடி உப்பு இரண்டு டீஸ்பூன், சோடா பெரிய டீஸ்பூன் ஒன்று. சோடாவை அரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் கரைத்து மாவில் விட்டுக் கலக்கவேண்டும். பிறகு மிகவும் புளித்த மோர், மாவு கையில் எடுக்க முடிகிற அளவுக்கு எவ்வளவு தளர்வாக வருமோ அவ்வளவு தளர்வாக. ஒரு அங்குலக் கனத்துக்குத் தட்டி, மூடி போட்ட சட்டியில் வைத்து, கீழே மிதமான தணல் இருபது நிமிடம். பிறகு மூடியின் மேல் கங்குகளைப் பரப்பி இன்னும் அரைமணி நேரம்.

எழுதியவர் இது உடம்புக்குத் தெம்பு, வயிற்றுக்கு நல்லது, மலச்சிக்கல் தீரும் என்றெல்லாம் சிபாரிசு செய்கிறார். நூற்றித் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

கவனிக்க வேண்டியது: அது பழுப்பு மாவு. லீ நதிக்கரையின் வெள்ளை மைதா இல்லை.

---

லகான்_தம்பி

நியூரி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் ஒரு தடவை வரைபடத்தில் பாருங்கள். வடக்கு. வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் பக்கம் பழுப்பு மா சோடாப் பாணுக்கு 'வீட்டன்' என்று பெயர். 'சோடா' என்று மட்டும் சொன்னால் வெள்ளை. கடையில் கேட்கும்போது மாற்றிக் கேட்டால் மாற்றித்தான் தருவார்கள்.

---

லீ_நதிக்கரை

வரைபடம் பார்த்தாயிற்று, தம்பி. பழந்தாள் பிரியன், நல்ல குறிப்பு. ஒரு விஷயம் கவனித்தீர்களா? பதம் பற்றி அவர் சொல்லியிருப்பது, எவ்வளவு தளர்வோ அவ்வளவு நல்லது என்பது. முட்டை, வெண்ணெய் பற்றி ஒரு சொல் இல்லை. மாவின் நிறத்தில் நீங்கள் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், செய்முறையில் முடியாது.

கார்க் பக்கம் வயதானவர்கள் வெள்ளை ரொட்டியை 'சோடா கேக்' என்றே சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு இரண்டும் வேண்டும். வெள்ளையில் வெண்ணெயும் ஜாமும், பழுப்பில் புகையூட்டிய சால்மன். மாற்றிக் கொடுத்தால் ஒரு பார்வை பார்ப்பார்.

---

சோதனைக்குழாய் (கோவை)

இந்த ரொட்டி ஏன் அயர்லாந்தில் நிலைத்தது என்பதற்கு ரசாயனமும் வானிலையும் சேர்ந்த ஒரு காரணம் உண்டு. ஈரமான, குளிர்ந்த அந்தச் சீதோஷ்ணத்தில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்குப் புரதம் அதிகமுள்ள மாவு வேண்டும், பிசைந்து பிசைந்து அந்தப் புரதத்தால் குளூட்டன் என்ற இழுவையான வலை உண்டாக்கினால்தான் ஈஸ்ட் மணிக்கணக்கில் விடும் வாயுவை அது பிடித்து வைக்கும். மென்மையான மாவில் அந்த வலை பலமாக வராது. சோடாவோ மோரின் புளிப்பு பட்டதும் வாயுவை உடனே விடுகிறது, ஓவன் சூட்டில் மாவு அதற்குள் இறுகிவிடுகிறது. ஆகவே பலமில்லாத மாவே இங்கே சாதகம். பிசைந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் குளூட்டன் இறுகி ரொட்டி ரப்பர் ஆகும், இன்னொரு பக்கம் வாயு எல்லாம் வெளியேறிவிடும். இரண்டு நஷ்டம்.

இன்னொரு கணக்கு. ஒரு டீஸ்பூன் சோடா சுமார் 5 கிராம். அதை முழுமையாக முறிக்க 5.4 கிராம் லாக்டிக் அமிலம் (மோரின் புளிப்பு) வேண்டும். மோரில் பொதுவாக ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் அமிலம் இருக்கும். 400 மி.லி.யில் 3 முதல் 4 கிராம். ஏற்கனவே சோடா கொஞ்சம் மிச்சம். மிச்சத்தில் ஒரு பகுதி சூட்டில் தானாகச் சிதைந்து வாயு விடும், மேலோடு நன்றாகச் சிவக்கவும் அந்தக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை) உதவும். அந்த லேசான சோடா வாசனைதான் இந்த ரொட்டியின் அடையாளமும் கூட. ஆனால் 'இன்னும் உப்பட்டும்' என்று குவித்து ஒரு ஸ்பூன் போட்டால் சோப்பு ருசிதான் மிஞ்சும்.

---

கால்வே_வெள்ளுடை

சோதனைக்குழாய் சார், ஒரு கேள்வி. எங்கள் விடுதியில் ஒரு பெண் செய்த ரொட்டியில் அங்கங்கே மஞ்சள் புள்ளிகள். மஞ்சள் தூள் கை பட்டுவிட்டதோ என்று அவளைக் கிண்டல் செய்தோம். சாப்பிட்டால் அந்த இடம் மட்டும் கசக்கிறது. என்ன காரணம்?

---

சோதனைக்குழாய்

பாவம் அந்தப் பெண். அது மஞ்சள் தூள் இல்லை, சோடாக் கட்டி. சலிக்காமல் போட்டால் கட்டி உடையாமல் நிற்கும். கோதுமை மாவில் இயற்கையாகவே உள்ள நிறமற்ற சில ஃப்ளேவனாய்டுகள் காரம் பட்டால் மஞ்சளாகும். ஆகவே கட்டி இருந்த இடமெல்லாம் மஞ்சள். சோடாவை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கிவிட்டுப் பிறகு சலிக்கச் சொல்லுங்கள். 1836 ஆள் தண்ணீரில் கரைத்தது இதற்காகவே இருக்கலாம், ஆனால் பொடி இப்போது நைசாக வருவதால் கரைக்கத் தேவையில்லை.

---

கால்வே_வெள்ளுடை

நன்றி சார், இன்றே சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஈஸ்ட் ரொட்டி மாதிரி ஊறவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கலந்து ஒரு மணி நேரத்துக்குள் கையில் ரொட்டி.

நான் பழுப்பு மாவில்தான் செய்வேன். முழுக் கோதுமை மாவு கரகரப்பாக அரைத்தது பாதி, வெள்ளை பாதி. மேலே ஒரு பிடி ஓட்ஸ். ரொட்டி அச்சில் ஊற்றுவதால் உருட்டும் வேலையும் இல்லை. அதற்கு மோர் கொஞ்சம் கூட வேண்டும், தவிடு இழுத்துக்கொள்ளும்.

---

அண்ணாநகர்_அடுப்பு

எங்கள் வீட்டு மெஷினில் அரைத்த கோதுமை மாவு அதற்கு ஆகுமா அக்கா? சப்பாத்திக்கு வைத்திருப்பது.

---

கால்வே_வெள்ளுடை

ஆகும்மா, ஆனால் அது ரொம்ப நைசாக அரைத்தது, தண்ணீர் நிறைய குடிக்கும், தனியாகப் போட்டால் இறுகும். மைதா இரண்டு பங்கு, அது ஒரு பங்கு என்று ஆரம்பி. கரகரப்புக்காக மெஷினில் அரைக்கும்போது கொஞ்சம் பெரும்பருவாக எடுத்து வைக்கச் சொல்லேன், குருணை மாதிரி. இங்கே விற்கும் 'கோர்ஸ் ஹோல்மீல்' கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

---

லீ_நதிக்கரை

ஓவன் இல்லாத அம்மாவுக்கு இன்னொரு வழி. அயர்லாந்து கிராமங்களில் ஓவன் என்பதே பின்னால் வந்தது. கிராம மின்மயத் திட்டத்தின் முதல் கம்பம் நடப்பட்டது 1946 நவம்பரில், டப்ளினுக்கு வடக்கே கில்சலகன் என்ற இடத்தில். அதற்கு முன்னால் பெரும்பாலான வீடுகளில் திறந்த கணப்பில் டர்ஃப் எரியும். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் மண்கட்டி. அதற்கு மேலே பாஸ்டிபிள் என்ற கனத்த இரும்புச் சட்டியைத் தொங்கவிடுவார்கள். மூன்று குட்டைக் கால், தட்டையான அடி, குழிந்த மூடி. மாவை உள்ளே வைத்து மூடி, மூடி மேல் கங்கை அள்ளிப் போட்டால் மேலும் கீழும் சூடு. நியூரிக்காரர் எழுதியதும் அதே முறைதான்.

சென்னையில் கங்குக்குப் போக வேண்டாம். கனமான இரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, மெல்லிய தீ. மேல் சூடு இல்லாததால் பாதியில் ஒரு தடவை கவிழ்த்துப் போட வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் லகான் தம்பியின் ஃபார்ல்தான் அதைவிட எளிது. தோசைக்கல் அதற்கென்றே செய்தது போல இருக்கும். எண்ணெய் ஏறிய கல்லை மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள்.

---

லகான்_தம்பி

வடக்கு வென்றது. நன்றி, வணக்கம்.

---

புதியவன்23

இழை முழுக்கப் படித்தேன். யாரும் சொல்லவில்லையே, அந்தச் சிலுவை எதற்கு? பிசாசை விரட்ட என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மத நம்பிக்கை இல்லாதவர்கள் கீறாமல் விடலாமா? மோருக்குப் பதில் பாலும் பேக்கிங் பவுடரும் போட்டால்?

---

லீ_நதிக்கரை

கீறாமல் விடலாம், நடுவில் வேகாமல் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கனமான வட்டத்தின் நடுப்பகுதிக்கு வெப்பம் போக அந்த வெட்டு வழி. விரிகிற மாவு தன் இஷ்டத்துக்கு வெடிக்காமல் அந்த இடத்தில் திறக்கும். சுட்ட பிறகு நாலாகப் பிய்க்கவும் சுலபம். ஆசீர்வாதம் என்று கீறியவர்கள் உண்டு. தேவதைக் குட்டிகள் மாவுக்குள் மாட்டிக்கொண்டு ரொட்டியைக் கெடுத்துவிடும், அவை வெளியே போகட்டும் என்று நாலு மூலையிலும் குத்துகிறவர்களும் உண்டு. பாலிமலூவில் இன்றும் அப்படிச் சொல்லித்தான் குத்தச் சொல்கிறார்கள். அந்த நாலு குத்தும் தடித்த பகுதி வேக உதவுகிறது என்பதால் தேவதைகளை நான் எதிர்ப்பதில்லை.

---

சோதனைக்குழாய்

பேக்கிங் பவுடர் பற்றி: அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது, ஆகவே பாலில் கூட உப்பும். ஆனால் வருவது ஸ்கோன் (டீயோடு சாப்பிடும் சின்ன பன்) மாதிரி ஒன்று. புளிப்பும் சோடா வாசனையும் இருக்காது. மோர் கிடைக்காவிட்டால் 400 மி.லி. பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரிந்துவிடும். சோடாவையே போடுங்கள். மோரும் போட்டு, சோடாவும் போட்டு, பயத்தில் பேக்கிங் பவுடரும் போடுகிறார்கள் சிலர். தேவையில்லை.

---

ஹட்சன்_வாசி

சனிக்கிழமை லீ நதிக்கரை அளவில் செய்து பார்த்தேன், ஒரு கைப்பிடி திராட்சை மட்டும், சட்டத்துக்கு உட்பட்டு. பிள்ளைகள் முதலில் 'இனிப்பு எங்கே' என்றார்கள். உப்பு வெண்ணெய் தடவிச் சூடாகக் கொடுத்ததும் பேச்சில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இங்கே கிடைக்கும் ஆல்-பர்ப்பஸ் மாவு பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது. சிலவற்றில் புரதம் 11, 12 சதவீதம் வரை போகிறது. பையின் பக்கத்தில் படித்துப் பார்த்து, குறைவானதை எடுப்பது நல்லது. தென் மாநிலங்களில் 'பிஸ்கட்'டுக்கு (நம் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற சின்ன ரொட்டி) விற்கும் மென்மையான மாவு இதற்கு ரொம்பப் பொருத்தம், ஆனால் செல்ஃப்-ரைசிங் என்று போட்ட பையை எடுக்காதீர்கள். அதில் ஏற்கனவே உப்பும் உப்ப வைக்கும் சாமானும் இருக்கும்.

கேரவே போட்ட ரொட்டியை 17ஆம் தேதி அலுவலகத்தில் சாப்பிடுவேன். அதையும் விடமாட்டேன்.

---

டப்ளின்_கணக்கு

வரித்துறை சார்பில் வாழ்த்துகள்.

---

அண்ணாநகர்_அடுப்பு

அம்மா வீட்டில் தோசைக்கல்லில் ஃபார்ல் போட்டோம்! லகான் அண்ணா சொன்ன மாவு தூவும் சோதனை மிகவும் உதவியாக இருந்தது. முதலில் தோசைக்குப் போல் தீயை வைத்திருந்தோம், மாவு உடனே கருகியது, பாதிக்குக் குறைத்தோம். ஓரங்களை நிமிர்த்தி வைத்தது அப்பாவுக்கு ஒரே வேடிக்கை. அம்மா தக்காளித் தொக்கோடு சாப்பிட்டார், நான் வெண்ணெயோடு. மீந்ததை என்ன செய்வது? காலையில் பார்த்தால் கொஞ்சம் விறைத்துவிட்டது.

---

லகான்_தம்பி

தொக்கு! நல்ல யோசனை, இங்கே செய்து பார்க்கிறேன்.

மீந்தது பற்றி: கொழுப்பு சேர்க்காத பாண், அடுத்த நாளே உலரும். சுட்டவுடன் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மேல் பகுதி மெத்தென்று இருக்கும். மறுநாள் குறுக்கே பிளந்து, உள்பக்கம் கல்லில் படும்படி வெண்ணெயில் வாட்டினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். நிறையச் செய்தால் ஆறியவுடன் பிளந்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், எடுத்து நேரே கல்லில் போடலாம்.

---

லீ_நதிக்கரை

வட்ட ரொட்டிக்கும் அதே கதைதான். மறுநாள் டோஸ்ட், மூன்றாம் நாள் சூப்பில் முக்கி. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம், புதிதாகக் கலக்க ஐந்து நிமிடம் போதும்.

கால்வே வெள்ளுடை, உங்கள் அச்சு ரொட்டிக்கு மோர் எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்று சரியான அளவாகப் போடுங்களேன். அச்சில் வைத்தால் நடு வேக நேரம் பிடிக்கும், பலர் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

---

கால்வே_வெள்ளுடை

கரகரப்பு மாவு 225 கிராம், வெள்ளை 225 கிராம், உப்பு, சோடா தலைதட்டி ஒவ்வொரு டீஸ்பூன், மோர் 450 மி.லி. அளவில் ஆரம்பித்து, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதம் வரும்வரை. வெண்ணெய் தடவிய அச்சு, 200 டிகிரி, 50 நிமிடம். அச்சிலிருந்து எடுத்து, கவிழ்த்து, இன்னும் ஐந்து நிமிடம் வெறும் கம்பித் தட்டில் வைத்தால் அடியும் பக்கமும் மொறுமொறுப்பாகும். முழுக்க ஆறும் வரை வெட்டாதீர்கள், பழுப்பு ரொட்டி சூட்டில் வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும்.